உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

கொழுந்து பறிக்கிறவர்களின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேயிலைக் கறை கறுப்பாகப் படிந்திருக்கும். சவர்க்காரத்துக்கு அது போகாது. கொஞ்ச நாள் மலைக்குப் போகாமல் இருந்தால் தானாகத் தேய்ந்து மறையும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் குதிகாலில் போன வருடம் ஒரு கரும்புள்ளி தெரிந்தபோது, அதையும் ஏதோ கறை என்று விட்டுவிட்டார். மூன்று மாதமாகியும் அது போகவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து சுண்ணாம்பு வைக்கச் சொல்லி யோசனை வந்தது. நல்லவேளை, அவர் வைக்கவில்லை. ஏன் நல்லவேளை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோல் புற்றுநோயா? அது வெள்ளைக்காரருக்கு வருவது என்பார்கள் நம்மவர்கள். பெருமளவு உண்மைதான், நமக்கு அது அபூர்வம். ஆனால் நமக்கு வரும்போது பல சமயம் வெயில் படாத இடத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் வருகிறது. அதனால்தான் பிந்திப் பிடிபடுகிறது.

தோலின் மேலடுக்கு உடம்பின் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புத்தான். உள்ளங்காலில் மட்டும் ஒரு மில்லிமீற்றரையும் தாண்டும். இந்த அடுக்கின் அடி வரிசையில் உள்ள கலங்கள் ஓயாமல் பிரிகின்றன. புதிய கலங்கள் மேலே ஏறி, தட்டையாகி, இறந்து, ஒரு மாத அளவில் உதிர்கின்றன. அடி வரிசையிலேயே இடையிடையே மெலனின் என்ற நிறப்பொருளைத் தயாரிக்கும் கலங்களும் இருக்கின்றன. அவை அதைச் சிறு பொட்டலங்களாக்கி அக்கம்பக்கத்துக் கலங்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய கலம் அந்தப் பொட்டலங்களைத் தன் கருவுக்கு மேலே குடைபோல நிறுத்திக்கொள்கிறது. கறுப்பானவருக்கும் வெள்ளையானவருக்கும் மெலனின் தயாரிக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். பொட்டலங்களின் அளவிலும் தொகையிலும்தான் வித்தியாசம்.

குடை எதற்கு? வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் கருவுக்குள் போனால், டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். அந்த இடத்தில் இழை கோணிக்கொள்ளும். கலம் அதைக் கண்டுபிடித்து, பழுதான இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கிறது. இந்தப் பழுதுபார்ப்பைத் துலக்கியதற்காகத்தான் அசிஸ் சன்ஜாருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. திருத்தாமல் விடுபட்ட பிழைகள் வருடக்கணக்கில் சேரும்போது, "இனிப் பிரியாதே" என்று கலத்துக்குச் சொல்லும் மரபணுவே கெட்டுப்போகலாம். பிறகு அந்தக் கலம் கட்டுக்கடங்காமல் பெருகும்.

மலைநாட்டுக் குளிர் இந்த விஷயத்தில் நம்மை ஏமாற்றும். வெயில் சுடுவதற்கும் புறஊதாக் கதிருக்கும் தொடர்பு இல்லை. 1000 மீற்றர் ஏறினால் இந்தக் கதிர் 10 சதவீதம் அளவில் கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய முகில் போர்த்தியிருந்தாலும் அதில் பெரும்பங்கு கீழே வந்துவிடும். நம் தோலுக்கு மெலனின் குடை பிடிக்கிறது, சரி. ஆனால் பிறவியிலேயே மெலனின் இல்லாமல், முடியும் தோலும் வெள்ளையாகப் பிறக்கும் பிள்ளைகள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலை வெயில் உண்மையான ஆபத்து. அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயில் தடுக்கும் கிறீம் எல்லாம் சிறு வயதிலிருந்தே வேண்டும். வெளிவேலைக்கு அவர்களை அனுப்பக் கூடாது.

தோல் புற்றுநோயில் மூன்று முக்கிய வகைகள். அடி வரிசைக் கலங்களில் வருவது உலகில் மிகுதியாகக் காணப்படுவது. மூக்கு, கண்ணோரம் போன்ற இடங்களில் மினுமினுப்பான சிறு கட்டியாக எழும். நம் தோலில் அது கறுத்தும் இருக்கலாம். மெதுவாக அரிக்கும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முடிந்தது.

இரண்டாவது, மேலே ஏறும் தட்டைக் கலங்களில் வருவது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இது பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்காக ஆறாத புண்ணிலும் முளைப்பது உண்டு. பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ஜோலின் 1828இல் இப்படிப்பட்ட புண்களை விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆறாத புண்ணில் கலங்களுக்கு "பிரி, பிரி, மூடு" என்ற கட்டளை ஓய்வதே இல்லை. ஒவ்வொரு பிரிவும் பிழைக்கு ஒரு வாய்ப்பு. தழும்பில் இரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் குறைவு என்பதால் நோயை எதிர்க்கும் காவல் கலங்களும் சரியாக வந்து பார்ப்பதில்லை. தீப்பட்டதிலிருந்து புற்று வரை 30 வருடம்கூட ஆகலாம். குப்பி விளக்குச் சரிந்து சுட்ட தழும்பு, கவ்வாத்துக் கத்தி பட்டு ஆறாமல் கிடக்கும் கெண்டைக்கால் புண், இவற்றை நான் அறிந்த தோட்ட லயங்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன். அவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றாக மாறாது. விளிம்பு தடித்து மேலே சுருண்டால், பூக்கோவா மாதிரிச் சதை வளர்ந்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், மணம் மாறினால், அப்போது மருந்து கட்டிக்கொண்டே இருப்பது போதாது.

மூன்றாவது மெலனோமா. மெலனின் தயாரிக்கும் கலமே கெட்டுப்போவது. மற்ற இரண்டைவிட அரிது, ஆனால் வேகமாகப் பரவும். கறுத்த தோல் உள்ளவர்களிடம் இது கூடுதலாக வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில். ரெகே பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில்தான் வந்தது. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். இந்த இடங்களில் வரும் மெலனோமாவில் வெயில் விட்டுப்போகும் டிஎன்ஏ தடயங்கள் மிகக் குறைவு. தொப்பியோ கிறீமோ இதைத் தடுக்காது. கண்ணால் பார்ப்பதுதான் வழி.

எதைப் பார்ப்பது? பாதத்தில் புதிதாக வந்து பெரிதாகும் புள்ளி, ஒரு பக்கம் போல மறுபக்கம் இல்லாத வடிவம், ஓரம் கலைந்திருப்பது, ஒரே புள்ளியில் பல நிறம், புண்ணாவது. நகத்தில் நீளவாட்டில் கறுப்புக் கோடு கறுத்த தோலினருக்குச் சாதாரணமாகவே வரும். ஆனால் ஒரு விரலில் மட்டும் கோடு அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு இறங்கினால் உடனே காட்ட வேண்டும்.

தோல் கிளினிக்கில் டெர்மொஸ்கோப் என்ற வெளிச்சமுள்ள உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளங்காலில் கைரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? சாதாரண மச்சத்தில் நிறம் பெரும்பாலும் பள்ளங்களில் வரிசையாக நிற்கும். மெலனோமாவில் அது மேடுகளின் மேல் பட்டையாக ஓடும். வரிசை வரிசையாகப் போகும் தேயிலை மலையில் பாதையில் நிற்பதும் செடிமேல் நிற்பதும் போன்ற வித்தியாசம். எதிரே வைத்துப் பார்த்தால் கண்டுகொள்ளக்கூடிய இந்த ஒரு அடையாளம் எத்தனையோ வீண் கத்தியைத் தவிர்க்கிறது.

சந்தேகம் வந்தால் பயொப்சி, அதாவது சதையை எடுத்துச் சோதிப்பது. மெலனோமா என்று சந்தேகித்தால் முடிந்தவரை முழுப் புள்ளியையும் வெட்டி எடுப்பார்கள். ஆறாத புண் என்றால் விளிம்பிலிருந்து பல துண்டுகள் எடுக்க வேண்டும், நடுவில் செத்த சதைதான் இருக்கும். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. துண்டு எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. எடுக்காமல் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் அது பரவுகிறது.

எடுத்த துண்டில் மிக முக்கியமான எண், எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டிய அளவு இது. மெலனோமா ஒரு மில்லிமீற்றருக்குள் நின்றால், ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் 90 சதவீதத்துக்கு மேல். ஆழம் கூடக்கூட அது குறைகிறது. சுண்ணாம்பு விஷயத்துக்கு இப்போது வரலாம். சுண்ணாம்போ அமிலமோ வைத்து மேலே சுட்டுவிட்டால், அளக்க வேண்டிய அந்தப் பகுதி சிதைந்துபோகும். அடியில் இருப்பது இருந்தபடியே இறங்கிக்கொண்டிருக்கும்.

சிகிச்சையின் மையம் கத்திதான். ஒரு மில்லிமீற்றர் வரை ஆழமென்றால் சுற்றிலும் 1 சென்ரிமீற்றர், 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் 2 சென்ரிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். குதிகாலில் அவ்வளவு எடுத்தால் தைத்து மூட முடியாது. பாரம் விழாத நடுப்பாதத்துத் தோலை அதன் இரத்தக் குழாயோடும் நரம்போடும் நகர்த்திக் குதிகாலில் பொருத்தும் முறை இருக்கிறது. சரிவில் நின்று வேலை செய்கிறவருக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் அந்த இடத்தில் உணர்ச்சியும் இருக்கும், பாரத்தையும் தாங்கும். பாதத்திலிருந்து நோய் முதலில் போவது தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க்கணுக்களுக்கு. ஆகவே புள்ளி இருந்த இடத்தில் சாயம் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் கணுவை எடுத்துச் சோதிப்பார்கள்.

பரவிய மெலனோமாவுக்கு முன்பெல்லாம் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. புற்றுக்கலம் காவல் கலத்தின் பிரேக்கை அழுத்தித் தப்பிவிடுகிறது என்று கண்டு, அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹொஞ்ஜோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. அந்த மருந்துகளால் பலர் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். ஆனால் உள்ளங்கால் வகையில் அவை அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை. வெயிலால் கெட்ட கலத்தில் ஆயிரக்கணக்கான பிழைகள் இருப்பதால் காவல் கலத்துக்கு அது அந்நியமாகத் தெரியும். பாதத்துப் புற்றில் பிழைகள் குறைவு, வீட்டு ஆள் போலவே உட்கார்ந்திருக்கும். அதனால் நம்மைப் போன்ற தோலுள்ளவர்களுக்குப் புது மருந்தைவிட, மெல்லியதாக இருக்கும்போதே வெட்டுவதுதான் பெரிய பாதுகாப்பு.

சின்னம்மா போகத் தயங்கியதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய வேலைக் கணக்கு, போய்விடும். அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்பதில்லை, ஆனால் பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் சின்னத் தொகையா? தோட்ட டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டு வாங்கி, நான்தான் கூட்டிப்போனேன். வைத்தியர் டெர்மொஸ்கோப்பில் பார்த்தார். செம்மை கலந்த கறுப்பில் மணல்போலச் சிறு துளிகள். ஒரு பிளேடால் மெல்லச் சீவினார். கறுப்பு அப்படியே கடதாசி போலக் கழன்று வந்தது. சரிவில் இறங்கும்போது சப்பாத்துக்குள் குதிகால் உரசி, தோலுக்குள் கசிந்து உறைந்த இரத்தம் அது.

"டொக்டர் ஐயா, நாளைக்கு மலைக்குப் போகலாந்தானே?" என்று கேட்டார் சின்னம்மா.

இப்போது அந்தியில் இஸ்தோப்பில் உட்கார்ந்து அட்டை கடித்திருக்கிறதா என்று காலைத் தடவிப் பார்க்கும்போது, பாதத்தையும் மடக்கி டோர்ச் அடித்துப் பார்க்கிறார். விரல் இடுக்கு, குதி, நகம் எல்லாம். பக்கத்துக் காம்பரா அக்காவின் காலையும் சேர்த்துத்தான்.