ஆறு வோல்ற் மிசினுக்குப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி

மாமா வன்னியிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்த பழைய ஃபேர்கசன் உழவு மிசின், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் மூன்று மாதமாக நின்றது. இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதே, அந்தச் சாம்பல் நிறக் குட்டி மிசின்தான். அதில் கியர்த் தடியை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் இஞ்சினைக் கிளப்பும் மோட்டரான ஸ்டார்ட்டர் சுற்றும். அதனால் கியரில் நிற்கும்போது தவறியும் ஸ்டார்ட் ஆகாது. ஆனால் மாமா தடியைத் தள்ளும்போதெல்லாம் அரைச் சுற்றுச் சுற்றி, முனகி, நின்றுவிடும்.

“இது ஆறு வோல்ற், தம்பி. பன்னிரண்டைப் போட்டால் எல்லாம் சரியாகும்” என்றார் மாமா. பாதி உண்மை.

ஈய அமிலப் பற்றரியின் ஒரு கலம் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். மூன்று கலம் சேர்ந்தால் நாம் ஆறு என்கிறோம். ஆறு கலம் சேர்ந்தால் பன்னிரண்டு. ஸ்டார்ட்டர் 200 அம்பியர் இழுக்கிறது, கேபிள், முனைகள், சுவிட்ச் எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 0.005 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 1 வோல்ற் வழியிலேயே தொலைகிறது. ஆறில் ஒரு பங்கு! அதே வலுவுக்கென்று 12 வோல்ற்றில் செய்த மோட்டருக்கு 100 அம்பியர் போதும். இழப்பு அரை வோல்ற், அதாவது 24இல் ஒரு பங்கு. கேபிளில் வீணாகும் வெப்பமும் 200 வாற்றிலிருந்து 50 வாற்றாக இறங்கிவிடும்.

அதனால்தான் 6 வோல்ற் வண்டிக்குத் தடித்த கேபிள் வேண்டும். எங்கள் மிசினில் யாரோ சாதாரணக் கார்க் கேபிளைப் போட்டிருந்தார்கள். போதாததற்கு, பற்றரியின் ஒரு முனையை மிசினின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டி பெயின்ட்டின் மேல் முறுக்கப்பட்டிருந்தது. துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கராஜ் பாஸ் முனைகளைச் சுரண்டி, தடித்த கேபிள் மாட்டியதும் மிசின் ஆறு வோல்ற்றிலேயே ஒழுங்காகச் சுற்றியது. உங்கள் மிசினுக்கும் இதுதான் நோயென்றால் வோல்ற்றை மாற்றுவது வீண் செலவு. நாங்கள் மாற்றியதற்குக் காரணம் வேறு: பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கியும் நல்ல 6 வோல்ற் பற்றரி அகப்படவில்லை.

சரி, பன்னிரண்டைப் போட்டாயிற்று. மின்னோட்டம் பாதியாகிவிடுமா? இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதியாவது 12 வோல்ற்றுக்கென்று செய்த பொருளில் மட்டும். பழைய பொருள் அப்படியே இருந்தால் அதன் தடையும் அப்படியே இருக்கும்; இரட்டை வோல்ற் கொடுத்தால் இரட்டை அம்பியர் பாயும். பாடசாலையில் படித்த ஓமின் விதி, அவ்வளவுதான்.

ஹெட்லைட் பல்ப்பை எடுங்கள். 36 வாற் பல்ப் 6 வோல்ற்றில் 6 அம்பியர் எடுக்கும். அதையே பன்னிரண்டில் மாட்டினால் கணக்குப்படி நான்கு மடங்கு வலு. இழை சூடாகத் தடையும் கூடுவதால் முழு நான்கு மடங்கு வராது, ஆனால் பல்ப் அதுவரை உயிரோடு இருந்தால்தானே. எல்லாப் பல்ப்பையும் மாற்றத்தான் வேண்டும். வயர்களுக்குக் கவலையில்லை, அவை தேவைக்கு மேல் தடித்தவை.

பழைய ஸ்டார்ட்டரை நாங்கள் மாற்றவில்லை. தடியைத் தள்ளிய முதல் கணத்தில் அது முன்பைவிட இரட்டிப்பு மின்னோட்டத்தை இழுக்கும். சுழலத் தொடங்கியதும் மோட்டர் தானே ஓர் எதிர் வோல்ற்றை உண்டாக்குவதால் மின்னோட்டம் ஏறத்தாழப் பழைய அளவுக்கு இறங்கும்; வேகம் மட்டும் இரட்டிப்பாகும். சில விநாடிகளுக்கு மோட்டர் இதைத் தாங்கும். அடி வாங்குவது ஸ்டார்ட்டரை இஞ்சினோடு கோக்கும் சிறு பற்சக்கரமான பெண்டிக்ஸ்தான்: இஞ்சினின் பெரிய சில்லுப் பற்களில் போய் ‘டங்’ என்று மோதும் சத்தம் கராஜ் வாசல்வரை கேட்கும். ஐந்து விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது என்று பாஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ப்ளக்கில் பொறி தட்ட உயர் வோல்ற் கொடுக்கும் கொயில் சில விநாடி வேலை செய்வதல்ல; இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதற்கு வேலை. 6 வோல்ற் கொயிலின் முதற்சுருள் ஏறத்தாழ 1.5 ஓம். கொயிலின் மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்தும் பொயின்ற் மூடியிருக்கும்போது 4 அம்பியர், 24 வாற். பன்னிரண்டில் 8 அம்பியர், 96 வாற். கொயில் கொதிக்கும், பொயின்ற் கருகும். அதனால் இன்னொரு 1.5 ஓம் தடையைத் தொடரில் போடுகிறார்கள். மொத்தம் 3 ஓம், பழையபடி 4 அம்பியர். கொயிலுக்குத் தான் இன்னும் ஆறில் இருப்பதாகத்தான் நினைப்பு. அல்லது 3 ஓம் கொயிலாகவே வாங்கிவிடலாம்.

பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் ஓல்டர்நேட்டர் போட்டோம். பழைய மிசினில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் எர்த். நாங்கள் போட்ட ஓல்டர்நேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். பற்றரியைத் தலைகீழாகக் கொடுத்தால் உள்ளேயிருக்கும், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட்டுகள் வழிவிட்டு, அந்த நொடியிலேயே எரிந்துபோகும். முனை மாறினால் ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றாதா என்று மாமா கேட்டார். சுற்றாது. சட்டச் சுருளும் சுழலும் சுருளும் தொடரில் இருப்பதால் இரண்டிலும் திசை ஒன்றாகவே புரளும், இழுவை பழைய பக்கமே இருக்கும். அமீற்றரின் வயர்களை மட்டும் இடம் மாற்ற வேண்டும். கொயிலின் இரு முனைகளையும்தான்: ப்ளக்கின் நடுமுனை சூடாக இருப்பதால் எலெக்ட்ரோன்கள் அங்கிருந்து சுலபமாகக் கிளம்பும், அது நெகட்டிவாக இருந்தால் பொறிக்குக் குறைந்த வோல்ற்றே போதும்.

எல்லாம் பூட்டி முதல் தள்ளலிலேயே இஞ்சின் பிடித்தது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் சுவிட்சை நிறுத்தினார். இஞ்சின் நிற்கவில்லை! ஓல்டர்நேட்டரைத் தூண்டச் சுவிட்சிலிருந்து போன மெல்லிய வயர் வழியாக, ஓல்டர்நேட்டரே கொயிலுக்குத் திருப்பி மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. பாஸ் பிரேக்கை மிதித்துக் கியரில் போட்டு, கிளச்சை விட்டு இஞ்சினைத் திணறடித்து நிறுத்தினார். பிறகு அந்த வயரை வெட்டி, மின்சாரம் ஒரு பக்கம் மட்டும் போகும்படி ஒரு டயோட்டைப் பற்றவைத்தார். அதன் விலை, அன்று நாங்கள் குடித்த பிளேன்ரீயின் விலைகூட இல்லை.