டிப்ரஷன்னா மன அழுத்தமா?

பெரியம்மாவுக்கு வாட்ஸப்புல ஒரு செய்தி வந்துச்சு, "பி வைட்டமின் மாத்திரை முதியோரின் மன அழுத்தத்தைத் தடுக்காது"ன்னு. என்னைக் கூப்ட்டு "எனக்கு பிரஷர் 140தான்டா, அதுக்கும் பி காம்ப்ளெக்ஸுக்கும் என்னடா சம்பந்தம்"னு கேக்குறாங்க. அழுத்தம்னாலே ரத்த அழுத்தம்னு பழகின மனுஷி, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

விஷயம் என்னன்னா, டிப்ரஷனைத்தான் அந்தச் செய்தியில மன அழுத்தம்னு மொழிபெயர்த்திருக்காங்க. மூலம் 2015ல வெளியான அமெரிக்க ஆய்வு. இதய நோய் இருக்கிற இல்ல வர வாய்ப்பு அதிகமா இருக்கிற, அதுவரைக்கும் டிப்ரஷன் வராத பெண்கள் 4331 பேர், சராசரி வயசு 63க்கு மேல. ஒரு பாதிக்கு தினமும் ஃபோலிக் ஆசிட் 2.5 மி.கி., பி6 50 மி.கி., பி12 1 மி.கி., இன்னொரு பாதிக்கு வெத்து மாத்திரை, சுமார் 7 வருஷம். ரத்தத்துல ஹோமோசிஸ்டீன்ங்கிற அமினோ அமிலத்தோட அளவு இறங்குச்சு, ஆனா டிப்ரஷன் வர்றது குறையல. அவ்ளோதான்.

டிப்ரஷனுக்கு லத்தீன் வேர் 'கீழே அமுக்குறது'. இதைப் பாத்துட்டுதான் யாரோ அழுத்தம்னு போட்டிருக்கணும். சரி, வேரைப் பிடிச்சா போதுமா? ஆபீஸ் டென்ஷன், பரீட்சை பயம், லோன் தவணைன்னு ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே மன அழுத்தம்தான் எழுதுறோம், அப்புறம் "மன அழுத்தத்தால் மன அழுத்தம் வரும்"னு ஒரு வாக்கியம் வந்து நின்னா என்ன பண்றது? அதைவிட, தமிழ்ல அழுத்தம் வேற ஜாதி சொல். "அவ அழுத்தக்காரி"ன்னா வாயைத் திறக்காத, விட்டுக்குடுக்காத ஆளு. "அழுத்தந்திருத்தமா பேசு"ன்னா உறுதியா பேசுன்னு அர்த்தம். காலையில எந்திரிக்கவே மனசில்லாம, பேரன் வந்தாலும் சிரிக்காம, சாப்பாடு இறங்காம கிடக்குற பாட்டிக்கு இதுல எது பொருந்துது?

மனச்சோர்வு பொருந்துது. சோர்தல்னா தளர்றது, நழுவுறது, வாடுறது. "சோர்விலாள் பெண்"னு குறள்லயே இருக்கு, அங்க தளராம இருக்குறதைச் சொல்லுது.

சோர்வுன்னா சும்மா களைப்புன்னு நெனச்சுருவாங்களேன்னு ஒரு டாக்டர் நண்பர் சண்டைக்கு வந்தார். நியாயம்தான், அதுவும் பி12 குறைஞ்சாலே உடம்பு சோர்ந்து கால் மரத்துப் போகும், வயசானவங்களுக்கு அது சகஜம், சுத்த சைவம்னா, மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா இன்னும் சகஜம். குழப்பம் வர்ற இடத்துல 'மனச்சோர்வு நோய்'னு எழுதுங்க, முடிஞ்சது. அதுவும் பிடிக்கலன்னா டிப்ரஷன்னே எழுதிட்டுப் போங்க, நான் ஒண்ணும் தனித்தமிழ் வெறியன் இல்ல, வைட்டமினை உயிர்ச்சத்துன்னு மாத்தச் சொல்லி யாரையும் நச்சரிச்சதும் இல்ல.

ஆனா இந்த செய்தி மொழிபெயர்க்கிறவங்க அகராதியில முதல்ல கிடக்குற சொல்லைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த செய்திக்கு ஓடுறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. பெரியம்மா இப்ப பிரஷர் மிஷினை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.