லைவ் ஆல்பம் எப்போது நேரலை ஆனது?

போன வாரம் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸ் பற்றி ஒரு அறிமுகக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போனது. நடுவில் ‘1961இல் வெளியான இவரது புகழ்பெற்ற நேரலை ஆல்பம்’ என்று ஒரு வரி. ‘லைவ் ஆல்பம்’ என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த சேனல்ல மாமா காட்டினாங்க?” என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். அவளுக்கு நேரலை என்றால் திரையின் ஓரத்தில் சிவப்புப் பட்டையில் வருகிற சொல். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கும் அதுதானே பொருள்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘லைவ்’ என்பது ‘அலைவ்’, அதாவது உயிரோடு இருக்கிற என்ற சொல்லின் குறுக்கம். 1930களில் வானொலிக்காரர்கள், முன்பே பதிந்துவைத்து ஒலிபரப்புவதிலிருந்து பிரித்துக் காட்ட, அப்போதே வாசித்து அப்போதே காற்றில் போவதை இப்படிச் சொன்னார்கள். பதிவுக்கு எதிர்ச்சொல்லாகப் பிறந்தது என்பதைக் கவனியுங்கள். அப்புறம் ரசிகர்கள் முன்னால் வாசித்ததைப் பதிந்தாலும் அதே சொல்லை ஒட்டிவிட்டார்கள். ‘லைவ் ரெக்கார்டிங்’ என்பது அவர்கள் மொழியிலேயே கொஞ்சம் கோணல்தான், பழகிப்போனதால் உறுத்தவில்லை. அந்தக் கோணலையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

நேரலை நல்ல சொல். நேர், அலை, இரண்டும் நம்முடையவை. ‘நேரடி ஒளிபரப்பு’ என்று நீட்டி முழக்கியதை மூன்று எழுத்தில் முடித்த கெட்டிக்காரரைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த ‘அலை’ அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வானலை, ஒலியலை, ஒளியலை என்று எதிலோ ஏறி அந்த நொடியே நம்மிடம் வந்துசேர வேண்டும். நடப்பதும் வந்துசேர்வதும் ஒரே நேரம், அதுதான் நேரலை. ஆல்பத்துக்கோ எப்போதும் இரண்டு தேதி: பதிந்த தேதி ஒன்று, வெளியான தேதி ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்று சொல்கிற சொல்லை, இடைவெளி இல்லாமல் இருக்கவே முடியாத ஒரு பொருளுக்கு வைக்கிறோம்.

அந்த எவான்ஸ் ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை கிளப். பியானோவில் எவான்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷன். மதியம் இரண்டு சுற்று, இரவு மூன்று சுற்று வாசித்தார்கள். ரிவர்சைட் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஆரின் கீப்நியூஸ் பதிய ஏற்பாடு செய்திருந்தார். முதல் சுற்றில் கரண்டு கண்ணைக் காட்டிவிட்டுப் போனதில் ஒரு பாடலில் கொஞ்சம் ஒலியே போய்விட்டது. கண்ணாடித் தம்ளர் உரசுவதும் யாரோ கிசுகிசுப்பதும் இன்றைக்கும் கேட்கும். ஜூலை 6ஆம் தேதி லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், 25 வயது. அந்த ஒரே நாள் பதிவிலிருந்து முதல் இசைத்தட்டு 1961லேயே வந்தது, லஃபாரோவை முன்னிறுத்திப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாவது 1962இல். கேட்டவர்கள் கைக்கு வந்தபோது வாசித்தவர்களில் ஒருவர் இல்லை. இதை நேரலை என்று எழுத எப்படி மனசு வருகிறது?

இன்னொன்று, இன்னும் கெட்டியான சாட்சி. 1957 நவம்பர் 29, நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் குழு, சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். பதிந்தது யார் தெரியுமா, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ஒரு வானொலி! ஆக அலைக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு ஆல்பம் போக முடியாது. ஆனால் அந்த நாடா பெட்டிக்குள் கிடந்தது. 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பழைய நாடாக்களை டிஜிட்டலுக்கு மாற்றும்போது லாரி ஆப்பல்பாம் என்ற பணியாளர் கண்ணில் பட, அந்த வருஷமே ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்டது. 48 வருஷம் கழித்து. 48 வருஷம் தாமதமாக வரும் நேரலை!

சிலர் உஷாராகி ‘நேரடிப் பதிவு’ என்கிறார்கள். கொஞ்சம் தேவலை, ஆனாலும் சரியில்லை. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பமும் நேரடிப் பதிவுதான்: 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாள், பழைய தேவாலயம் ஒன்றை ஸ்டூடியோவாக்கிய கொலம்பியா கூடத்தில் எல்லோரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள், ஆகஸ்டில் தட்டு வந்தது. அதை யாரும் லைவ் ஆல்பம் என்பதில்லை. டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவில் காலியாகக் கிடந்த ஹோட்டல் ஒன்றில் வாசிக்க, வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டி அதைப் பதிந்ததே, அதுவும் லைவ் ஆல்பம் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் கூட்டத்தின் முன் வாசித்ததைப் பதிந்தார்களே, அது லைவ் ஆல்பம். வித்தியாசம் நேரடியிலும் இல்லை, இடத்திலும் இல்லை. எதிரில் கேட்பவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதில் இருக்கிறது.

செயலி மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பேசாமலிருப்பதே உடம்புக்கு நல்லது. ஆனாலும் தி ஹூ ராக் குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ ஒரு பட்டியலில் ‘லீட்ஸில் வாழ்க’ என்று வந்ததைப் பார்த்தேன். கட்சிக் கூட்டம் மாதிரி. 1970 பிப்ரவரி 14 அன்று பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தவர்களை வாழ்த்தியாகிவிட்டது, போகட்டும்.

எனக்குப் பிடித்த சொல் ‘கச்சேரிப் பதிவு’. புதிதாகச் செய்தது இல்லை. கர்நாடக இசை கேட்கிற வீடுகளில் கேசட் காலத்திலிருந்தே “இது ஸ்டூடியோ இல்ல, கச்சேரில எடுத்தது” என்றுதான் பேச்சு. இருமல், ஆஹா, கைதட்டல், தனி ஆவர்த்தனம் எல்லாம் உண்டு என்று கேட்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். ராக்குக்குக் கச்சேரியா என்று முகம் சுளிக்க வேண்டாம், பாட்டுக் கச்சேரி, மெல்லிசைக் கச்சேரி எல்லாம் நாம் வைக்காததா?

தனித்தமிழ் நண்பர் ஒருவர் உடனே கொடி தூக்கினார். கச்சேரி இந்துஸ்தானியிலிருந்து வந்தது, கலெக்டர் ஆபீசுக்கு வைத்த பெயர் என்றார். வாஸ்தவம். யாழ்ப்பாணத்தில் இன்றும் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம், பதிவு என்றால் பதிவுத் திருமணமும் ஞாபகம் வரும், ஆகவே ‘கச்சேரிப் பதிவு’ என்றால் அங்கே காணி எழுதுகிற வேலை மாதிரி ஒலிக்கலாம். அவர்கள் ‘அரங்கப் பதிவு’ என்று வைத்துக்கொள்ளட்டும், எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த நண்பரே அடுத்த வரியில் ‘நேரலை இசைத்தொகுப்பு’ என்று எழுதுகிறார். சொல் சுத்தமாக இருந்தால் போதும், பொருள் எக்கேடு கெட்டால் என்ன என்பது எனக்கு ஒத்துவராது.

எந்தச் சொல்லுக்கும் அடங்காத ஆள்களும் உண்டு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி 1966இல் பதிந்த ஆல்பம் ஒன்றின் பெயரில் ‘லைவ்’ இருக்கும், சிகாகோ கிளப்பில் எடுத்ததாக அட்டைக் குறிப்பு சொல்லும். உண்மையில் ஹாலிவுட்டில் கேபிடல் ஸ்டூடியோவுக்குள் ஆட்களைக் கூப்பிட்டு, குடிக்கக் கொடுத்து, உட்கார வைத்துப் பதிந்தது. டியூக் எலிங்டனின் 1956 நியூபோர்ட் ஜாஸ் விழா ஆல்பத்திலோ விழாவில் சரியாக விழாத பகுதிகளை ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலை மேலே ஒட்டினார்கள். முதலாவதைக் கச்சேரிப் பதிவு என்பேன், ஆள் இருந்தார்களே. இரண்டாவதைப் பாதிக் கச்சேரி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அக்கா மகளிடம் எவான்ஸ் தட்டைப் போட்டுக் காட்டினேன். தம்ளர் சத்தம் வந்ததும் “யாரோ ஜூஸ் குடிக்கறாங்க” என்றாள்.