ஆராய்ச்சி வணிகமயமாக்கலா, பொருளாக்கமா?

வேலூர் காட்பாடி சாலையில் கல்லூரிகள் வைக்கும் பேனர்களில் 'ஆராய்ச்சி வணிகமயமாக்கல் பயிலரங்கம்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மேடையில் வரவேற்புரை சொல்கிறவர்கள் வாயிலும் அதே சொல். சாலையோரச் சுவர்களிலோ மாணவர் அமைப்புகள் 'கல்வி வணிகமயமாவதை எதிர்ப்போம்' என்று எழுதுகின்றன. பேனரில் பெருமை, சுவரில் வசை, சொல் ஒன்றே. இருவரில் சுவரில் எழுதியவர்தான் தமிழைச் சரியாக ஆண்டிருக்கிறார். பேனர் எழுதியவர், தாம் பாராட்ட வந்ததையே பழித்துவிட்டார்.

மூலச் சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'கமர்ஷியலைசேஷன்'. சரக்கைக் குறிக்கும் 'மெர்க்ஸ்' என்ற லத்தீன் சொல் அதன் அடி. பல்கலைக்கழகப் பேச்சில் அதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஆய்வகத்தில் கண்டறிந்ததற்குக் காப்புரிமை (பேட்டன்ட்) பெறுவது. பிறகு ஏற்கெனவே நடக்கிற ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தோ, பேராசிரியரும் மாணவர்களும் சேர்ந்து புதிதாக ஒரு கம்பெனி தொடங்கியோ, அதை மக்கள் கையில் புழங்கும் பொருளாக்குவது. அமெரிக்காவில் 1980-இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிவிட்டது. அதன் பிறகு இந்தப் பேச்சு உலகெங்கும் வளர்ந்தது. இந்தியாவிலும் அதே நோக்கில் 2008-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. லாப ஆசை நுழையக் கூடாத இடத்தில் நுழைந்து அந்த இடத்தின் இயல்பைக் கெடுப்பதையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். பண்டிகை கெட்டது, விளையாட்டு கெட்டது, மருத்துவம் கெட்டது என்று வருந்தும்போது வருவது இந்த இரண்டாம் பொருள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறது. தமிழில் 'வணிகமயம்' வந்து வேரூன்றியது இந்த இரண்டாம் பொருளுக்காக மட்டும். கல்வி வணிகமயம், மருத்துவம் வணிகமயம் என்றால் யாரும் மகிழ்ந்து கேட்பதில்லை. மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறக்கிறார், எதிரே இருக்கும் சொல்லை எடுத்து வைக்கிறார். இங்கே எந்தப் பொருள் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வதில்லை.

இதில் 'மயம்' செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது வடமொழி ஈறு. 'அதுவாகவே ஆனது, அதனால் நிறைந்தது' என்று பொருள். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. தமிழில் அது நெடுநாளாக நன்றாகவே வாழ்கிறது. கல்யாணப் பத்திரிகையின் தலையில் 'சிவமயம்' என்று போடுகிறோம். எல்லாம் சிவமே, வேறொன்று மிச்சமில்லை என்பது அதன் கருத்து. அறை புகைமயமாக இருந்தது என்றால் எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை என்று பொருள். ஆகவே வணிகமயமான ஆராய்ச்சி என்றால், வணிகத்தைத் தவிர உள்ளே எதுவும் மிஞ்சாத ஆராய்ச்சி. தமிழ்க் காது அப்படித்தான் கேட்கும். அறிவைத் தேடும் ஓர் இடம் தன்னைப் பற்றி இப்படி அறிவித்துக்கொள்ளலாமா?

'மயமாக்கல்' இவ்வளவு பெருகியது 1991-க்குப் பிறகுதான். தாராளமயமாக்கல், தனியார்மயமாக்கல், உலகமயமாக்கல் என்று மூன்றும் ஒன்றாக நாளிதழ்களில் வந்து இறங்கின. அந்த மூன்றும் ஏற்றவையா என்பது வேறு வழக்கு. ஆனால் அன்று முதல், ஆங்கிலத்தில் 'ஐசேஷன்' என்று முடிகிற எதைக் கண்டாலும் கை தானாக 'மயமாக்கல்' என்று எழுதுகிறது. அதற்கு முன் இவ்வளவு இல்லை. 1969-இல் 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதைச் சொல்ல நல்ல சொல் ஒன்று இருந்தது. 'நாட்டுடைமை ஆக்கப்பட்டன' என்றார்கள். யாருடைய உடைமை, என்ன ஆயிற்று என்பது அந்தச் சொல்லிலேயே தெளிவாக இருக்கிறது. அன்று சொல்லாக்கியவர்கள் நடந்த செயலைப் பார்த்தார்கள். இன்று ஆங்கிலச் சொல்லின் வாலைப் பார்க்கிறார்கள்.

வணிகம் இழிவு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மண்டித் தெரு, லாங்கு பஜார் போன்ற கடைவீதிகள் உள்ள ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே நல்ல வாணிகம் என்று குறள் 120 அதற்கு நடுவுநிலைமையில் இடம் தருகிறது. ஆனால் புறநானூற்றின் 134-ஆம் பாட்டு, மறுமைப் பயனை எண்ணி அறம் செய்பவனை 'அறவிலை வணிகன்' என்று பிரித்து, ஆய் என்ற வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்கிறது. வணிகம் நல்லது, எல்லாவற்றையும் வணிகமாகப் பார்ப்பது நல்லதன்று. இந்த வேறுபாட்டைத் தமிழ் அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தது. 'மயம்' சேர்ந்ததும் நாம் இரண்டாவதைத்தான் சொல்கிறோம்.

நம் வட்டாரத்தில் நடந்தவற்றை வைத்தே இந்தச் சொல்லைச் சோதித்துப் பாருங்கள். தொழுநோயில் பாதம் புண்ணாவது சதை தானாக அழுகுவதால் அன்று, உணர்விழந்த பாதத்தில் காயம் படுவது தெரியாமல் போவதால்தான் என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் தெளிவாக்கினார்கள். அந்த அறிவிலிருந்து வந்தது, மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அந்தச் செருப்பும் தெரியும். ஆய்வு பொருளாயிற்று, காலுக்குக் காவலாயிற்று. இதை வணிகமயமாக்கல் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா?

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற வைரஸ் வகை அதன் தொடக்கம். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் அதை மருந்தாக்கியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். வேலூர்ப் பகுதியை நடத்தியது சிஎம்சி. 2015-இல் 'ரோட்டாவாக்' என்ற பெயரில் வெளிவந்து, 2016-இல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. கம்பெனி உண்டு, விலை உண்டு, லாபமும் இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டு உழைப்பின் சாரம் வணிகமா, வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகாமல் காக்கும் ஒரு மருந்தா?

தோல் தொழிலிலும் இதுவே கதை. பழைய முறைப் பதனிடலில், தோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகளைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது இப்படிச் சேர்ந்த கழிவால்தான். சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், தண்ணீர் சேர்க்காமலே குரோமியம் ஏற்றும் முறையைக் கண்டது. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ டேனரி நடத்துபவரிடம் 'வணிகமயமாக்கப்பட்ட தொழில்நுட்பம்' என்று சொன்னால் விழிப்பார். 'லேப்புல இருந்தது நம்ம டிரம்முக்கு வந்துடுச்சு' என்றால் உடனே புரியும். செயல் இதுதான்: லேப்பிலிருந்து, தோலைப் பதனிடும் டிரம்முக்கு வருவது.

அப்படியானால் என்ன சொல்வது? 'சந்தைப்படுத்தல்' உதவாது; அது மார்க்கெட்டிங், பொருள் உருவான பிறகு நடப்பது. 'தொழில்மயமாக்கல்' ஊரெல்லாம் ஆலை வருவதைக் குறிக்கும். 'தொழிலாக்கம்' கேட்க அழகு. ஆனால் 'எழுத்தைத் தொழிலாக்கிக்கொண்டார்' என்று சொல்லிப் பழகிய நமக்கு, ஆய்வையே பிழைப்பாகக் கொண்டார் என்று தோன்றும். நான் முன்வைப்பது 'பொருளாக்கம்'. பொருள் என்றால் கையில் எடுக்கும் பண்டம்; செல்வம்; அர்த்தம். ஆய்வு பொருளாகும்போது இம்மூன்றும் அதில் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். 'ஆக்கம்' என்பதற்கும் படைத்தல், செல்வம் என இரு பொருள் உண்டு. ஊக்கம் உடையவனிடம் ஆக்கம் வழிகேட்டுக்கொண்டு போகும் என்கிற குறளில் (594) வருவது செல்வம். குறளின் 76-ஆம் அதிகாரத்தின் பெயரே 'பொருள்செயல்வகை'. ஆகவே பொருளைச் 'செய்வது' என்பது தமிழுக்குப் புதிதன்று.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. 'ஆய்வுப் பொருளாக்கம்' என்று சேர்த்து எழுதினால் 'ஆய்வுப்பொருள்' முன்னே வந்து நின்று, ஆய்வுக்குத் தலைப்பு உருவாக்குவது போல் ஆகிவிடும். அதனால் 'ஆய்வின் பொருளாக்கம்', 'ஆய்வைப் பொருளாக்குதல்' என்றே எழுத வேண்டும். மனித உறவையும் உழைப்பையும் விற்பனைச் சரக்காக்குவதோடு குழம்பாதா என்றால், அதற்குப் 'பண்டமாக்கல்' என்ற தனிச்சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

இதே பேனர்களில் இன்னும் சில பிழைகள் உண்டு. 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்கிறார்கள். பரிமாற்றம் என்றால் இருவரும் கொடுத்து வாங்குவது. இங்கே ஆய்வகம் கொடுக்கிறது, தொழிற்சாலை பெறுகிறது. 'தொழில்நுட்பக் கையளிப்பு' போதும். ஆய்வகத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும் கம்பெனியைக் 'கிளை நிறுவனம்' என்கிறார்கள். கிளை தாய் நிறுவனத்தின் பகுதி, இது தனி உடல். 'ஆய்வகவழி நிறுவனம்' என்றால் எங்கிருந்து வந்தது என்பது தெரியும். ஸ்டார்ட்அப்புக்கு அரசு அறிவிப்புகளில் வரும் 'புத்தொழில்' நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

உண்மையிலேயே சேதம் விளைவிப்பது 'காப்புரிமை' என்ற சொல்லைப் பேட்டன்ட்டுக்கும் காப்பிரைட்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுவது. எழுதியவருக்கு எழுதிய கணமே வந்து, இந்தியாவில் அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்பது பதிப்புரிமை, விண்ணப்பிக்காமலே கிடைக்கும். காப்புரிமை விண்ணப்பித்தால்தான் வரும், விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுதான் நிற்கும். அதைவிட முக்கியம், விண்ணப்பிக்கும் முன் கட்டுரையாக வெளியிட்டுவிட்டால் பெரும்பாலும் அந்த உரிமையே போய்விடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் படிக்கிற மாணவர், கட்டுரை வந்துவிட்டது, உரிமையும் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு இருப்பார். சுற்றறிக்கையைத் தமிழில் எழுதுகிறவர்கள் வேறெதை விட்டாலும் இந்த இரண்டையும் பிரித்து எழுத வேண்டும்.