ஜியோமெட்ரிக் அப்ஸ்ட்ராக்ட்: வடிவியல் அருவ ஓவியம்

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பட்டாலை என்கிற கூடத்தில் பெரிய நவீன ஓவியம் ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். தேக்குத் தூண்களுக்குப் பின்னால் சிவப்பு முக்கோணம், அதை வெட்டிப்போகும் கறுப்புப் பட்டை, ஓரத்தில் அரைவட்டம். கேட்டால் ‘ஜியோமெட்ரிக் அப்ஸ்ட்ராக்ட்’ என்பார்கள். தமிழில் வடிவியல் அருவ ஓவியம்.

அப்ஸ்ட்ராக்ட் லத்தீன் வழி வந்த சொல். ‘அப்ஸ்’ என்றால் விலக்கி; ‘த்ராஹெரே’ என்றால் இழுத்தல். பொருளிலிருந்து கோட்டையும் நிறத்தையும் மட்டும் உருவியெடுப்பது. டச்சு ஓவியர் மோந்திரியான் அதைத்தான் செய்தார். மரத்தை மரமாகவே வரைந்துகொண்டிருந்தவர், 1912 வாக்கில் கிளைகளை வெறும் வளைகோடுகளாக்கினார். அப்புறம் மரமே போய் நேர்கோடுகளும் கட்டங்களும் நின்றன. ரஷ்யாவின் மலேவிச் 1915இல் காட்சிக்கு வைத்த கறுப்புச் சதுரமோ எதிலிருந்தும் உருவியதல்ல, நேரே சதுரம்தான்.

ஜியோமெட்ரி கிரேக்கச் சொல். நில அளவை என்று பொருள். அந்தக் காலத்தில் க்ஷேத்திர கணிதம், இன்றைய பாடநூலில் வடிவியல்.

பத்திரிகைகளில் ‘அரூப ஓவியம்’ என்றும் பார்க்கலாம். அரூபம் வடசொல், அருவம் அதன் தமிழ் வடிவம். முக்கோணமும் வட்டமும் கண்முன்னே இருக்க, உருவமில்லை என்பது எப்படி? இங்கே உருவத்தையும் வடிவத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உருவம் என்றால் ஆளோ மாடோ மரமோ என்று அடையாளம் தெரிய வேண்டும். வடிவத்துக்கு அது தேவையில்லை. முகமும் கைகால்களும் இல்லாத லிங்கத்தைச் சைவ சித்தாந்தம் அருவுருவம் என்கிறது. ஆள் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற ‘செமி அப்ஸ்ட்ராக்ட்’ படத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. வெறுமனே ‘நவீன ஓவியம்’ என்பது போதாது. ஆளை ஆளாகவே வரைந்த நவீன ஓவியங்கள் எத்தனையோ உண்டு.

ஆத்தங்குடித் தரைக்கல்லும் நடுவீட்டுக் கோலமும் இதே வகைதானே என்று சிலர் கேட்கிறார்கள். கோடும் கட்டமும் ஒன்றுதான். ஆனால் ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுவது, ஒரே பூ தளம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதற்காக. கோலம் போடுவது நல்ல நாளுக்காக. அருவ ஓவியம் தனியாக நின்று பார்ப்பதற்கு. ஒன்றின் பெயரை மற்றதற்கு வைத்தால் இரண்டுக்குமே குறைவு.

இப்படிப் புதுப்பித்த வீட்டை ‘வில்லா’ என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லத்தீனில் அது நாட்டுப்புறப் பண்ணை வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைத்திருக்கிற ஊரில் இடத்தையே சொல்லி எழுதலாமே: ‘பட்டாலைச் சுவரில் வடிவியல் அருவ ஓவியம்.’