அந்தக் கரும்புள்ளிகளுக்குக் காரணம் கிராபிக்ஸ் கார்டு இல்லை

போன வாரம் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் நிரல் எழுதக் கற்கும் ஒரு கல்லூரி மாணவர் லேப்டாப்போடு வந்தார். திரையில் ஒரு சிவப்புப் பந்து, அதன்மேல் எள்ளைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். "கார்டு பத்தல சார். அப்பா தவணையில வேற லேப்டாப் வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கார்" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். மற்ற மூவரும் வாங்கிவிட்டுத்தான் வந்தார்கள்.

அவர் சி++-இல் எழுதியிருந்தது ஒரு சின்ன ரே டிரேசர், அதாவது ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் நிரல். அது கிராபிக்ஸ் கார்டைத் தொடவே இல்லை. கணக்கு முழுவதையும் கணினியின் முதன்மைச் செயலியான சிபியு போட்டு, கடைசியில் ஒரு படக்கோப்பை எழுதுகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? கதிர் பந்தில் படும் இடத்தைக் கணக்கிடும்போது தசமத்தின் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் பிசகும். சில இடங்கள் மயிரிழையில் பந்துக்குள்ளே போய்விடும். அங்கிருந்து விளக்கை நோக்கிக் கதிர் விட்டால் அது அதே பந்தின் மேற்பரப்பிலேயே இடிக்கும். ஏதோ மறைக்கிறது, நிழல்தான் என்று நிரல் கறுப்பு அடித்துவிடும். கதிர் கிளம்பும் இடத்தை 0.001 அளவு வெளியே நகர்த்தினோம். ஒரே வரிதான், பந்து துடைத்துவிட்டது போல வந்தது.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். கார்டின் சக்தி போதாவிட்டால் படம் மெதுவாக வரும். தப்பாக வந்தால் முதலில் உங்கள் கணக்கைத்தான் பார்க்க வேண்டும். கற்பதற்குப் பெரிய கார்டும் தேவையில்லை. கணினி அறிஞர் பிரெசன்ஹாம் 1962-இல் ஐபிஎம்மில் கோடு வரையும் வழியைக் கண்டபோது அவர் முன்னால் இருந்தது பேனா பிடித்து வரையும் ஒரு பிளாட்டர். 1993-இல் வந்த டூம் விளையாட்டு 320-க்கு 200 பிக்சலில் முழுக்க சிபியுவிலேயே ஓடியது. இன்று கடையில் வாங்கும் சாதாரண லேப்டாப்பில், தனிக் கார்டு இல்லாமலே, கிராபிக்ஸ் சிப்பிடம் படம் வரையச் சொல்லும் கட்டளைத் தொகுப்பான ஓப்பன்ஜிஎல் 3.3 தாராளமாக ஓடும். பெரிய விளையாட்டுக் காட்சிகளை நிகழ்நேரத்தில் ரே டிரேசிங் செய்யும் நிலைக்கு வந்தபிறகு கார்டு தேவைதான். ஆனால் அது முதல் வருட வேலை இல்லை.

இன்னொன்று. இரண்டு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) உள்ள லேப்டாப்பில் உங்கள் நிரல் பெரும்பாலும் சின்ன ஜிபியுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஜிபியு வரைகிறது என்று காட்டும் ரெண்டரர் பெயரை நிரலில் அச்சிட்டுப் பாருங்கள், வாங்கிய கார்டு சும்மா இருப்பது தெரியும்.

சரி, எங்கே தொடங்குவது? பிபிஎம் என்ற எளிய படக்கோப்பில், அதன் எழுத்து வடிவில். நோட்பேடில் திறந்தால் வெறும் எண்கள்; 255 0 0 என்றால் ஒரு சிவப்பு பிக்சல். எந்த லைப்ரரியும் வேண்டாம். அதில் ஒரு கோடு போடுங்கள், அப்புறம் ஒரு முக்கோணத்தை நிரப்புங்கள், அப்புறம் ஒரு பந்து. இரண்டு வெக்டர்களின் ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டும் டாட் பிராடக்ட்டைக் கையால் போட்டுப் பழகுங்கள். சோதிக்கும்போது படத்தைச் சின்னதாக வையுங்கள். 1920-க்கு 1080 என்றால் 20,73,600 பிக்சல், ஒவ்வொரு தடவையும் காத்துக் கிடப்பீர்கள். ஓப்பன்ஜிஎல் அதற்குப் பிறகு. ஜிஎல்பிகின் (glBegin) என்ற பழைய ஓப்பன்ஜிஎல் கட்டளையோடு தொடங்கும் பாடம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள், 2008-இலேயே அதைக் கைவிடும் பட்டியலில் போட்டுவிட்டார்கள். ஷேடர் (ஜிபியுவில் ஓடும் சின்ன நிரல்) கம்பைல் ஆகும்போது வரும் பிழைச் செய்தியைப் படிக்காமல் யாரிடமும் கேள்வி கேட்காதீர்கள். ஓப்பன்ஜிஎல்லுக்குப் பின் வந்த வல்கன் பக்கம் இப்போது போகவே வேண்டாம். அதில் ஒரே ஒரு முக்கோணம் வரவே ஆயிரம் வரி ஆகிவிடும், அதைப் பார்த்தே படிப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தவணைப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தப் படத்தையும் நிரலையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.