எலும்பு எங்கேயும் போகவில்லை அண்ணே!

மசாஜுக்குப் போய் முதுகு கன்றி என்னிடம் வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் டாக்சி ஓட்டுபவர், வயது 54. சட்டையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பிலிருந்து தோள்வரை கத்தரிப்பூ நிறத்தில் கன்றிக்கிடந்தது. முழங்கையை ஊன்றிய இடத்தில் மட்டும் இரண்டு கருவட்டங்கள்.

“சைனீஸ் மசாஜும்மா, துய்னா. ஜவ்வு விலகியிருந்துச்சாம். டக்குனு ஒரு சத்தம், உள்ள போயிருச்சு.”

உள்ளே போன ஜவ்வு ஏன் மூன்றாம் நாளே வலிக்கிறது என்றேன். பத்து தடவைக்குப் பணம் கட்டியாகிவிட்டதாம், இன்னும் எட்டு பாக்கியாம்.

ஜவ்வு என்று நாம் சொல்லும், முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு, நழுவி ஓட சோப்புக்கட்டி அல்ல. மேலெலும்போடும் கீழெலும்போடும் நாரால் இறுகப் பிணைந்தது. ‘விலகல்’ என்று நாம் சொல்வது அதன் விளிம்பு புடைப்பதை, அல்லது நார் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் பிதுங்குவதை. தோல், கொழுப்பு, கனத்த தசை, அதற்கும் அடியில் எலும்பு வளைவு. இத்தனையையும் தாண்டி எந்தக் கட்டைவிரலாலும் அதைத் தொடக்கூட முடியாது. அந்த ‘டக்’? மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியின் வேலை. விரலில் நெட்டி முறித்தாலும் அதே சத்தம்தான். ஒவ்வொரு நெட்டிக்கும் விரல் எலும்பு இடம் மாறியா உட்காருகிறது?

எம்.ஆர்.ஐ.யை ஜாதகம்போல மடித்து எடுத்துக்கொண்டு அலைபவர்களுக்கும் ஒரு சேதி. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம், ஐம்பது வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்குத் தட்டு புடைத்திருந்தது. வலி மட்டும் இல்லை!

துய்னாவே மோசம் என்று சொல்ல வரவில்லை. ‘துய்’ என்றால் தள்ளுவது, ‘நா’ என்றால் பிடிப்பது. சீனாவில் இது பல்கலைக்கழகப் படிப்பு. மருத்துவமனைகளில் தனிப்பிரிவே உண்டு. புறங்கையை இடுப்பில் உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். நானே குப்புறப் படுத்து அனுபவித்திருக்கிறேன், தூக்கம் சொக்கும். தசை இளகும், கொஞ்ச நாளைக்கு வலி தணியும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையிலும் மசாஜுக்கு இடமிருக்கிறது. அதிலேயே உடற்பயிற்சியும் இருக்கிறது, அதைத்தான் யாரும் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவதில்லை. இடுப்புக்கு பெல்ட் வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது. அம்மாவுக்கு பெல்ட் வாங்கித்தரும் மகன்கள் கவனிக்க.

கன்றியதைப் பற்றிக் கேட்டேன். “கெட்ட ரத்தம் வெளிய வருதுன்னாங்க.” கெட்ட ரத்தமெல்லாம் இல்லை அண்ணே, நல்ல ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை போடுகிறவர். மசாஜ் செய்தவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அந்த மாத்திரை போடுகிறவர்கள், எலும்பின் அடர்த்தி குறைந்த வயதான பெண்கள், பல காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புற்றுநோய் வந்துபோனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போய்ப் படுக்காதீர்கள். வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மசாஜைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதுகில் ஏறி மிதிக்க, இடுப்பை முறுக்கிச் சொடுக்க யாரையும் விடாதீர்கள். வலித்தால்தான் குணமாகும் என்று பல்லைக் கடிக்காதீர்கள். ‘போதும்’ என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமலே போய்விட்டால் அன்றைக்கே, அந்த மணிக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று படுத்தால் கால்கள் செயலிழக்கலாம்.

டாக்சி அண்ணனிடம் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நடக்கவும் சொன்னேன்.

“பார்க்கிங் காசு நீ குடுப்பியாம்மா?” என்கிறார்.